பின்தண்டுக்காரன்

ஒரு வருஷமாக நெஞ்சுவலி என்ற ஒன்றே தனக்கு இல்லை என்று சென்னிமலை டாக்டரிடம் சொன்னபோது அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் அது முழு உண்மையும் இல்லை என்று கட்டிலின் கால்மாட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்த உமருக்கு மட்டும் தெரியும்.

இருவரும் திருப்பூரில் நொய்யல் கரையோரம் ஒரு சலவைப் பட்டறையில் ஜோடி. பனியன் துணியைச் சலவைச் சோடாவில் வேகவைத்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டியில் ஊறப்போட்டு, மிதித்து அலசி, வெளுக்க வைத்து வெயிலில் காயப்போடுகிற பட்டறை. அங்கே ஜோடி என்றால் தண்டு சுமக்கிறவர்கள். அலசிய துணியை மூட்டையாகக் கட்டி மூங்கில் தண்டில் தொங்கவிட்டு, முன்னால் ஒருத்தன் பின்னால் ஒருத்தன் தோள் கொடுத்து, மேட்டில் துணி காயப்போடுகிற வெட்டவெளிக் காட்டுக்குக் கொண்டு போக வேண்டும். ஈரத் துணி இரும்பாய்க் கனக்கும். முன்தண்டுக்காரன் பாதை பார்த்து நடப்பான். பின்தண்டுக்காரன்தான் மூட்டை தண்டில் எந்த இடத்தில் தொங்க வேண்டும் என்று பார்த்து வைப்பவன். சென்னிமலை முன்தண்டு, உமர் பின்தண்டு. மீசை முளைத்த நாளிலிருந்து அப்படித்தான். பட்டறையில் தனி ஆளை வேலைக்கு எடுப்பதில்லை, ஜோடியாகத்தான் எடுப்பார்கள். ஒருத்தன் படுத்துக்கொண்டால் மற்றவனும் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

மாசி மாதத்தில் ஒரு காலை, தொட்டியோரம் குத்தவைத்து சென்னிமலை வாந்தி எடுத்தான். வந்தது ரத்தம். பக்கத்தில் வெளுத்துக் கிடந்த துணி முழுக்கச் சிவந்து போனது. மேஸ்திரி கருப்புசாமி முதலில் துணியைத்தான் பார்த்தார், அப்புறம் ஆளைப் பார்த்தார். எங்கேயோ திருட்டுச் சாராயம் குடித்திருக்கிறான், குடலை அரித்துவிட்டது என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். வெற்றிலையைத் தவிர வேறெதுவும் வாயில் போட்டறியாதவன் சென்னிமலை. அதைச் சொல்லிச் சண்டை போடக்கூட யாருக்கும் நேரமில்லை. உமரும் இன்னொருவனும் அவனைத் தூக்கி வண்டியில் போட்டார்கள். திருப்பூர் டாக்டர் கண்ணைப் பிதுக்கிப் பார்த்துவிட்டுக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். வயிற்றை அமுக்கிப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். சிறு வயதில் வந்த மஞ்சள்காமாலை எதுவோ உள்ளே தங்கிக் கல்லீரலைக் கெடுத்திருக்கலாம் என்றார்கள். குடியில்லை என்று டாக்டர் வாயால் வந்ததே போதும் என்றிருந்தது சென்னிமலையின் பெண்டாட்டி சாரதாமணிக்கு. மேஸ்திரி இதைக் கேட்க வேண்டும் என்று அவள் உமரிடம் இரண்டு தடவை சொன்னாள்.

நோயை அவர்களுக்கு விளங்கச் சொன்னவர் டாக்டர் குமாரசாமி. இருதயம் பார்க்கிறவர், கோபிப் பக்கத்துக்காரர். வாயைத் திறந்தால் ஊர்ப்பேச்சுத்தான் வரும். குடலிலிருந்து வருகிற ரத்தமெல்லாம் கல்லீரல் வழியாகத்தான் போக வேண்டும், இவனுக்குக் கல்லீரல் சுருங்கி இறுகிவிட்டதால் ரத்தம் போக வழியில்லாமல் தேங்குகிறது என்றார். மதகு அடைத்த வாய்க்காலில் தண்ணீர் கரையை உடைக்கிற மாதிரி, தேங்கிய ரத்தம் தொண்டைக்குக் கீழே ஒரு குழாயை உடைத்துக்கொண்டு வந்திருக்கிறது. மறுபடியும் உடையும். எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது, அடுத்த முறை நிற்குமா என்றும் சொல்ல முடியாது. அறுவைப் பிரிவுப் பெரிய டாக்டர் வயிற்றைத் திறந்து, கல்லீரலைத் தொடாமல் ரத்தத்துக்குப் பக்கவழி ஒன்று வெட்டிவிடலாம் என்கிறார்.

"வெட்டியுட்டா தேங்குன ரத்தமெல்லாம் மடமடன்னு இருதயத்துக்குப் போய்ச் சேரும்மா. நாள் பூரா மயக்கத்துல கெடக்கோணும். அதையெல்லாம் இருதயம் தாங்குமான்னு பாத்துச் சொல்றதுதான் என்ற வேலை," என்றார்.

படுக்க வைத்து நெஞ்சில் கம்பிகளை ஒட்டி இசிஜி எடுத்ததில் கோடுகள் ஒழுங்காக இருந்தன. ஆனால் படுத்திருக்கிற மனிதனின் இருதயம் சும்மாதான் கிடக்கும், அது உழைக்கும்போது என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும் என்று டாக்டர் கட்டிலில் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார். என்ன வேலை, எவ்வளவு சுமை, எவ்வளவு மேடு, இளைக்குமா, நெஞ்சைப் பிடிக்குமா, பிடித்தால் கைக்கு இறங்குமா.

சென்னிமலைக்கு அதைச் சொல்வதில் பெருமை. போன வருஷத்துக்கு முந்தி ஒரு காலம் இருந்தது என்று ஒத்துக்கொண்டான். மேட்டில் ஏறும்போது நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கும், இடது கை மரத்துப் போகும். ஒருநாள் பாதையிலேயே தண்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். அந்தத் தைப்பூசத்துக்குப் பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தான். அதோடு சரி.

"அதே சுமைதானுங்க, அதே மேடுதானுங்க. நாள் பூராச் செமப்பனுங்க. பொறவு ஒருக்காக்கூட நெஞ்சப் புடிக்கிலீங்க. அவன் எடுத்துட்டானுங்க." சென்னிமலை மேலே கையைக் காட்டினான்.

மலைக்குப் படியேறிப் போனானா என்று டாக்டர் கேட்டார். அப்போதுதான் மலைமேல் இழுத்துப் போகிற விஞ்ச் புதிதாக வந்திருந்தது, சாரதாமணி ஆசைப்பட்டாள், அதில் போனோம் என்றான். டாக்டர் சிரித்தார். விஞ்ச் போனால் போகட்டும், வருஷம் முழுக்க இந்தச் சுமையை மேட்டில் ஏற்றுகிற ஆளுக்கு இதைவிடப் பெரிய பரீட்சை என்னிடம் கிடையாது என்றார். பெரிய டாக்டரிடம் சொல்லிவிடுவதாகவும், வருகிற வாரம் ஆப்பரேசன் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

சாரதாமணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சந்தோஷ அழுகை. உமர் வார்டை விட்டு வெளியே நடந்தான்.

நடந்தது இதுதான். சென்னிமலை பாதையில் உட்கார்ந்த அன்று அவன் உதடு நீலம் பாய்ந்து கிடந்ததை உமர் பார்த்தான். மேஸ்திரி பார்த்திருந்தால் அன்றைக்கே ஜோடியை நிறுத்தியிருப்பார். சென்னிமலைக்கு இரண்டு பிள்ளை, உமருக்கு மூன்று. மறுநாள் மூட்டையைத் தொங்கவிடும்போது உமர் அதைத் தண்டின் நடுவில் வைக்காமல் தன் பக்கம் ஒரு சாண் இழுத்து வைத்தான். முன்னால் நடக்கிறவனுக்குப் பின்னால் தொங்குவது தெரியாது. தோளில் கொஞ்சம் லேசாக இருக்கிறது என்று மட்டும் தெரியும். சென்னிமலை உட்காரவில்லை. கொஞ்ச நாள் கழித்து இன்னொரு சாண். தைப்பூசத்துக்கு அவன் போய் வந்த வாரம் இன்னும் கொஞ்சம். கடைசியில் மூட்டை உமரின் நெஞ்சுக்கு நேரே தொங்கி, அடியெடுத்து வைக்கிறபோதெல்லாம் முழங்காலில் இடித்தது. முன்தண்டுக்காரன் வெறும் மூங்கிலைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான்.

பழனியிலிருந்து வந்த சென்னிமலை பஞ்சாமிர்தத்தை உமரின் வீட்டுக்குக் கொண்டு வந்து கொடுத்து, நெஞ்சு விட்டுப்போச்சப்பா, கல்லைத் தூக்கி எறிஞ்ச மாதிரி இருக்குது என்றான். உமர் ஒரு விரலால் வழித்துத் தின்றுவிட்டு, நல்லதாப் போச்சு என்றான். அதற்குமேல் என்ன சொல்வது. ஒருத்தன் தன் சாமியைக் கும்பிட்டுக் குணமாகி நிற்கிறான். அது சாமி இல்லை, நான் என்று ஒரு துலுக்கன் போய்ச் சொல்வதா? சொன்னால் சென்னிமலை தண்டை எடுக்கவும் மாட்டான். இரண்டு வீட்டு அடுப்பும் சேர்ந்து அணையும். சொல்லாமல் விட்டதில் பாதி பாசம், பாதி பயம். எது எவ்வளவு என்று உமர் பிரித்துப் பார்த்ததில்லை.

இப்போது உமரின் தோளை வைத்துத்தான் டாக்டர் சென்னிமலையின் இருதயத்தை எடை போட்டிருக்கிறார்.

ஆஸ்பத்திரிக் கைப்பம்பு அருகே சாரதாமணி செம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். உமர் அவளிடம் சொன்னான். சுற்றி வளைக்கவில்லை, மூட்டையை இழுத்து வைத்ததிலிருந்து வரிசையாகச் சொன்னான். செம்பு நிறைந்து தண்ணீர் அவள் காலில் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் பம்புக் கட்டையை விட்டுவிட்டு அப்படியே நின்றாள்.

"டாக்டருகிட்டச் சொல்லப் போறீங்களா?"

"சொல்லித்தான் ஆகோணும் அம்மிணி."

"சொன்னா ஆப்பரேசன் பண்ண மாட்டாங்கொ."

"பண்ண மாட்டாங்கதான்."

அவள் சத்தம் போடவில்லை. குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். அது உமருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"மறுக்கா ரத்தம் வந்தா அவரு நிக்க மாட்டாருன்னு உங்க காதுலயும்தானுங்கண்ணா உழுந்துது. இருக்கறது ஒரே வழி. அதையும் நீங்களே அடைக்கோணுமா? நெஞ்சு தாங்குனாலும் தாங்கும். முருகன் இருக்கறான். அந்த நெனப்பையாச்சும் அவருகிட்ட உட்டு வெய்யுங்க."

"அம்மிணி, டாக்டரு பாஸ் போட்டது என்ற தோளுக்கு. மேசை மேல கெடக்கப் போறது அவன் நெஞ்சு," என்றான் உமர். "தாங்கலீன்னா மயக்கத்துலயே போயிருவான். என்ன ஏதுன்னு அவனுக்கே தெரியாது."

"தெரிஞ்சு சாகறதுக்கு அது தேவலைங்க," என்றாள் சாரதாமணி.

அவள் சொன்னதில் பிழை இல்லை. அவன் ஆஸ்பத்திரிச் சுவரோரம் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். டாக்டரிடம் போனால் சாரதாமணியின் கையிலிருந்து புருஷனைப் பிடுங்குவது போல. போகாவிட்டால், செத்துப்போன ஒருத்தனை முன்னால் விட்டு ஆயுள் முழுக்கத் தண்டு சுமக்க வேண்டும். யோசித்து யோசித்து ஒரு விஷயம் மட்டும் தெளிவானது. ஒரு வருஷம் அவனுக்குத் தெரியாமல் அவன் சுமையை மாற்றி வைத்தாயிற்று. இனி ஒருமுறை அவனுக்குத் தெரியாமல் எதையும் எந்தப் பக்கமும் நகர்த்தக் கூடாது. முடிவு டாக்டருடையதும் இல்லை, சாரதாமணியுடையதும் இல்லை. சொல்ல வேண்டிய ஆள் கட்டிலில் கிடக்கிறான்.

உமர் வார்டுக்குப் போய்ச் சொன்னபோது சென்னிமலை நம்பவில்லை. முதலில் சிரித்தான்.

"போப்பா, தண்டு எடுத்து எடுத்துத் தேஞ்ச ஆளு நானு. மூட்டை நடுவுல இருக்குதா பின்னால இருக்குதான்னு என்ற தோளுக்குத் தெரியாதா?"

ஒரே நாளில் நகர்த்தியிருந்தால் தெரிந்திருக்கும், சாண் சாணாக நகர்த்தினால் தெரியாது என்றான் உமர். சென்னிமலைக்குக் கோபம் வந்தது. சாமி காரியத்தில் விளையாடாதே என்றான். உனக்கு என்மேல் என்ன பொறாமை என்றுகூடக் கேட்டான். உமர் சட்டையின் மேல் பித்தான்களைக் கழற்றி, தோளைக் காட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தான்.

தண்டு சுமக்கிறவனுக்குக் கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில் காய்ப்பு இருக்கும். தோல் தடித்து, கறுத்து, மாட்டின் கழுத்தில் நுகத்தடி பட்ட இடம் மாதிரி. உமரின் வலது தோளில் அது ஒரு எலுமிச்சங்காய் அளவுக்குப் புடைத்து, நடுவில் வெடித்துப் புண்ணாகி ஆறியிருந்தது. சென்னிமலை கை நீட்டித் தொட்டான், அழுத்திப் பார்த்தான். பிறகு அந்தக் கையைத் தன் தோளுக்குக் கொண்டு போனான். அங்கே ஒரு காலத்தில் அதே மாதிரிக் கட்டி இருந்தது. இப்போது விரலுக்கு அகப்பட்டது மெத்தென்ற தோல். சாரதாமணி எண்ணெய் தேய்த்துவிடும்போது, காய்ப்புக்கூட அமுங்கிப் போச்சுங்க, எல்லாம் அவன் கிருபை என்று சொன்னது அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். விரல் அந்த இடத்திலேயே கிடந்தது.

பக்கத்துக் கட்டில் கிழவர் இருமிக்கொண்டிருந்தார். சாரதாமணி வாசலில் வந்து நின்று இருவரையும் பார்த்தாள். பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"ஏப்பா," என்றான் சென்னிமலை கடைசியில். "பாரத்த அவன்மேல போட்டுட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சனே. உம்மேலயா போட்டிருந்தேன்?"

உமர் பித்தானைப் போட்டுக்கொண்டான். ஒரு பித்தான் மாறி விழுந்தது.

"டாக்டரக் கூப்புடு," என்றான் சென்னிமலை. சாரதாமணி வேண்டாம் என்பது போலக் கையைக் காட்டினாள். அவன் அவளைப் பார்க்காமலே சொன்னான். "கூப்புடு. கள்ளத் தோளக் காட்டி நான் உள்ள போக மாட்டேன்."

டாக்டர் குமாரசாமி முழுவதையும் கேட்டார். யாரையும் கடிந்துகொள்ளவில்லை. நான் கேட்ட கேள்வியும் சரி, இவன் சொன்ன பதிலும் பொய்யில்லை, சுமைதான் வேறிடத்தில் இருந்திருக்கிறது என்றார். ரத்தம் ஏற்றித் தெம்பு வந்த பிறகு, இரண்டு நாள் கழித்து, மரத்தில் செய்த சின்னப் படி ஒன்றைக் கொண்டு வரச் சொன்னார். சென்னிமலை அதில் ஏறி இறங்க வேண்டும், நெஞ்சைப் பிடித்தால் உடனே சொல்லிவிட வேண்டும். டாக்டர் பக்கத்திலேயே நாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சென்னிமலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினான், இறங்கினான். தோளில் ஒன்றும் இல்லை, மேடும் இல்லை. நாலைந்து முறை ஏறி இறங்குவதற்குள் நெற்றியில் வேர்வை துளித்தது. அவன் இடது கையை உதறினான். உமர் அந்த உதறலைப் போன வருஷத்துக்கு முந்திப் பார்த்திருக்கிறான்.

"வந்துருச்சுங்க," என்றான் சென்னிமலை. நெஞ்சில் அழுத்துகிற அதே முழங்கால்.

படுக்க வைத்துக் கம்பிகளை ஒட்டினார்கள். போன முறை ஒழுங்காக ஓடிய கோடு இந்த முறை தாழ்ந்து இழுத்தது. டாக்டர் அவன் நாக்கின் அடியில் ஒரு சின்ன மாத்திரையை வைத்தார். காகிதத்தை எடுத்துக்கொண்டு பெரிய டாக்டரிடம் போய் வெகுநேரம் பேசிவிட்டு வந்தார். இருதயத்துக்குப் போகிற குழாய்கள் அடைபட்டிருக்கின்றன, இந்த நிலையில் வயிற்றைத் திறந்தால் மேசையிலேயே போய்விடுவான், ஆப்பரேசன் இப்போது இல்லை என்றார். எப்போது என்று சாரதாமணி கேட்டாள். மருந்து சாப்பிட்டு, உப்பைக் குறைத்து, சுமை தூக்காமல் இருக்கட்டும், ஒரு வருஷம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். அந்த ஒரு வருஷத்துக்குள் ரத்தம் வந்தால் என்று கேட்டாள். டாக்டர் அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

திரும்பும் ரயிலில் சாரதாமணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உமரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சோமனூர் தாண்டும்போது சென்னிமலை கேட்டான்.

"எனக்குச் சொல்லியிருக்கலாமே அப்பவே."

"சொல்லியிருந்தா தண்டு எடுத்திருப்பயா?"

"மாட்டேன்."

"அதான்."

சென்னிமலை பழனியைப் பற்றி எடுக்கவே இல்லை. ஆனால் மறு வெள்ளிக்கிழமை குளித்துத் திருநீறு பூசிக்கொண்டுதான் வெளியே வந்தான்.

ஆடியில் ஒருமுறை ரத்தம் வந்தது. கொஞ்சம்தான். கோயம்புத்தூருக்குக் கொண்டு போனார்கள், நின்றது, திரும்பி வந்தான். அன்றைக்கும் சாரதாமணி உமரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவள் அவனை எதுவும் சொல்லித் திட்டியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மேஸ்திரி கருப்புசாமி, எந்த நல்ல மனநிலையிலோ, சென்னிமலையைக் காட்டுக் காவலுக்குப் போட்டார். காய்கிற துணிமேல் ஆடும் நாயும் ஏறாமல் வேலமரத்து நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிற வேலை. மத்தியானம் சாரதாமணி உப்பில்லாத சோறு கொண்டு வருவாள். உமருக்கு முன்தண்டாக வேலுமணி வந்தான். பொங்கலூர்க்காரன், காளை மாதிரி உடம்பு, எதற்கும் சலிக்காதவன்.

ஐப்பசி மழை விட்டு வெயில் அடித்த ஒரு நாள். தேங்கிக் கிடந்த துணியெல்லாம் ஒரேயடியாக மேட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. சென்னிமலை சோற்றுக் கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாரதாமணி பக்கத்தில் இருந்தாள். வேலுமணியும் உமரும் பாதையில் ஏறி வந்தார்கள். முன்தண்டில் நடந்த காலமெல்லாம் சென்னிமலைக்குத் தெரிந்தது எதிரே இருக்கும் மேடு மட்டும்தான். இப்போது பக்கவாட்டில் உட்கார்ந்திருந்ததால் தண்டு முழுக்கத் தெரிந்தது. வேலுமணி நிமிர்ந்து கைவீசி நடந்தான். பின்னால் உமர் முதுகு வளைந்து வந்தான். மூட்டை அவன் நெஞ்சோரம் தொங்கி முழங்காலில் இடித்தது. சாரதாமணியும் அதைப் பார்த்தாள். சோறு பிசைந்த கையைச் சென்னிமலை வாய்க்குக் கொண்டு போகவில்லை.

"உமரு," என்றான் சென்னிமலை. "நிறுத்து."

இருவரும் நின்றார்கள்.

"மூட்டை எங்க தொங்குதுன்னு பாரு."

உமர் குனிந்து பார்த்தான். அவனுக்கே அது தெரிந்திருக்கவில்லை. கை பழகின இடத்தில் கட்டியிருக்கிறது.

"வேலுமணிக்கு நெஞ்சுல ஒண்ணுமில்லை. நடுவுல வெய்யி," என்றான் சென்னிமலை.

தண்டைக் கீழே இறக்கி, உமர் மூட்டையை நடுவுக்குத் தள்ளிக் கட்டினான். திரும்பத் தூக்கினார்கள். வேலுமணி, அடேயப்பா என்று முனகிக்கொண்டு முதுகைக் கொஞ்சம் வளைத்தான். உமருக்குப் பாதிச் சுமை பழக்கமில்லாததாக இருந்தது. தோள் எதையோ தேடியது, அடி தவறிப் பாதையை விட்டு ஒதுங்கி, பிறகு சமாளித்துக்கொண்டு நடந்தான்.

சென்னிமலை அவர்கள் மேட்டைக் கடக்கிற வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சோற்றை எடுத்து வாயில் வைத்தான். சாரதாமணி செம்பில் தண்ணீர் ஊற்றினாள். உமர் இறங்கி வருகிறபோது கொடுக்க இன்னொரு டம்ளரிலும் ஊற்றி, கல்மேல் வைத்தாள்.